அள்ளிக் கொடுத்த கலைவாணர்



உங்கள் வகுப்பில் எல்லாரையும் சிரிக்க வைக்கிற ஒருவன் கட்டாயம் இருப்பான். அவன் எதைச் செய்து சிரிக்க வைக்கிறான் என்று கவனித்திருக்கிறீர்களா? திக்கிப் பேசும் நண்பனைப் போலப் பேசிக் காட்டுவான். குண்டாக இருக்கும் பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைப்பான். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் ஒரே ஒரு பிள்ளை மட்டும் சிரிக்காது. வீட்டுக்குப் போய்த் தலையணையில் முகம் புதைத்து அழும்.

யாரையும் அழ வைக்காமல் ஊரையே சிரிக்க வைக்க முடியுமா? முடியும் என்று ஒருவர் வாழ்ந்து காட்டினார். சிரிக்க வைத்ததோடு அவர் நிற்கவில்லை. சிந்திக்கவும் வைத்தார். சம்பாதித்ததை எல்லாம் பிறருக்கு அள்ளிக் கொடுத்தார். அவர்தான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். சுருக்கமாக என்.எஸ்.கே. என்பார்கள்.

நான் இருக்கும் கம்பைநல்லூர், தருமபுரி மாவட்டத்தில் உள்ளது. எங்கள் பக்கத்தில் தெருக்கூத்து பெயர் பெற்றது. கூத்தில் ராஜா வருவார், மந்திரி வருவார். ஆனால் குழந்தைகள் யாருக்காகக் கண் விழித்துக் காத்திருப்பார்கள் தெரியுமா? கட்டியக்காரனுக்காக! அவன் கோமாளிதான். ஆனாலும் ராஜாவையே கேலி செய்ய அவனுக்கு மட்டும் உரிமை உண்டு. சிரிப்போடு சிரிப்பாக ஊருக்கு நாலு நல்ல வார்த்தையும் சொல்லிவிட்டுப் போவான். அந்தக் கட்டியக்காரன் சினிமாத் திரைக்கு வந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தவர்தான் என்.எஸ்.கே.

சோடா விற்ற சிறுவன்

நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரி என்ற ஊரில் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி கிருஷ்ணன் பிறந்தார். அப்பா பெயர் சுடலைமுத்து. அம்மா இசக்கியம்மாள். அந்தக் காலத்தில் நாகர்கோவில், திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. 1956ல்தான் அது நம் மாநிலத்தோடு இணைந்தது.

வீட்டில் வறுமை. அதனால் கிருஷ்ணனின் படிப்பு தொடக்கப் பள்ளியோடு நின்றுபோனது. உங்களில் பலர் இப்போது படிக்கும் வகுப்பைக்கூட அவர் எட்டிப் பார்க்கவில்லை. நாடகக் கொட்டகையில் சோடா விற்கப் போனார். கையில் சோடா புட்டி, கண் மட்டும் மேடையில்! நடிகர்கள் எப்படி நடக்கிறார்கள், எந்த இடத்தில் குரலை ஏற்றுகிறார்கள், எந்த இடத்தில் மக்கள் சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடம் கைவிட்ட பிள்ளைக்கு நாடகக் கொட்டகையே பள்ளிக்கூடமாயிற்று.

அந்தப் பகுதியில் வில்லுப்பாட்டு என்ற கலை உண்டு. நீளமான வில்லில் மணிகளைக் கட்டி, கோலால் தட்டிக்கொண்டே கதை பாடுவார்கள். குடமும் உடுக்கையும் பக்கத்தில் முழங்கும். கிருஷ்ணன் இதையும் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் பெரிய நடிகர் ஆன பிறகும் அவர் இதை மறக்கவில்லை. கோயில் கொடைகளில் பாடப்பட்ட வில்லுப்பாட்டைப் பட்டணத்து மேடைகளுக்குக் கொண்டுபோனார். காந்தியடிகளின் வாழ்க்கையை வில்லுப்பாட்டாகச் சொன்னார்.

டி.கே.எஸ். சகோதரர்கள் என்று நான்கு அண்ணன் தம்பிகள் நடத்திய நாடகக் குழு அப்போது புகழ்பெற்றிருந்தது. கிருஷ்ணன் பதினாறு, பதினேழு வயதில் அதில் சேர்ந்தார். அந்தக் காலத்து நாடகக் குழுக்களில் பிள்ளைகள் வீட்டைவிட்டு வந்து, குழுவோடு ஊர் ஊராகப் போவார்கள். பாட்டு, வசனம், ஆட்டம் எல்லாம் அங்கேதான் கற்க வேண்டும். கிருஷ்ணன் எல்லா வேடத்துக்கும் தம்மைத் தயார் செய்துகொண்டார். நகைச்சுவை வேடத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர் வாங்கினார்.

திரையில் ஒரு கட்டியக்காரன்

தமிழ் சினிமா பேசத் தொடங்கியது 1931ல். நான்கைந்து ஆண்டுகளில் என்.எஸ்.கே.யும் திரைக்கு வந்துவிட்டார். 1935ல் வந்த 'மேனகா', 1936ல் வந்த 'சதி லீலாவதி' ஆகியவை அவருடைய முதல் படங்கள். 'சதி லீலாவதி' எதைப் பற்றிய படம் தெரியுமா? குடிப்பழக்கம் ஒரு நல்ல குடும்பத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதைப் பற்றியது. பின்னாளில் முதலமைச்சரான எம்.ஜி.ஆர். ஒரு சிறு வேடத்தில் அறிமுகமானதும் அந்தப் படத்தில்தான்.

1936ல் 'வசந்தசேனா' என்ற படத்துக்காகப் புனே நகருக்குப் போனபோது டி.ஏ.மதுரம் என்ற நடிகையை என்.எஸ்.கே. சந்தித்தார். பிறகு இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். திரையிலும் இணைந்து கலக்கினார்கள். அவர் ஒன்று சொல்ல, மதுரம் அம்மையார் அதற்கு எதிராக ஒன்று கேட்க, கொட்டகையே குலுங்கும். அந்த ஜோடியில் பெண், தலையாட்டும் பொம்மை அல்ல. எதிர்க்கேள்வி கேட்பவரே அவர்தான். இதைக் கவனியுங்கள்.

1940ல் வந்த 'சகுந்தலை' படத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமி கதாநாயகி. சகுந்தலையின் மோதிரத்தை மீன் விழுங்கிய கதை உங்களுக்குத் தெரியுமல்லவா? அந்த மீனைப் பிடிக்கும் மீனவராக என்.எஸ்.கே. வந்தார். அவரும் டி.எஸ்.துரைராஜ் என்ற நடிகரும் போட்ட சண்டையைப் பார்த்து மக்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

இன்னொரு புதுமையும் அவர் செய்தார். அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலும் ராஜா கதை, சாமி கதைதான். அதற்குள் நகைச்சுவைப் பகுதியை அவரே யோசித்து, தம் குழுவினரை வைத்துத் தனியாக உருவாக்கி இணைத்துவிடுவார். படம் பழைய கதையாக இருக்கும். நகைச்சுவை மட்டும் அன்றைய வாழ்க்கையைப் பற்றி இருக்கும். மூடநம்பிக்கையை, பொய் வேடத்தை, வீண் பெருமையை அங்கே கிண்டல் செய்வார். மனிதரின் குறையை அல்ல, மனிதரின் மடமையைத்தான் கேலி செய்தார். அதனால் யாருக்கும் மனம் நோகவில்லை. ஆனால் எல்லாருக்கும் உறைத்தது.

இடி விழுந்தது

1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' படம் வெளிவந்தது. எம்.கே.தியாகராஜ பாகவதர் கதாநாயகர். என்.எஸ்.கே.யும் மதுரமும் நகைச்சுவை. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைத் தாண்டி அந்தப் படம் ஓடியது.

ஆனால் படம் ஓடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் அதன் கதாநாயகரும் நகைச்சுவை நடிகரும் எங்கே இருந்தார்கள் தெரியுமா? சிறைச்சாலையில்!

1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்துபோனார். அந்தக் கொலையில் சதி செய்ததாகப் பாகவதரையும் என்.எஸ்.கே.யையும் டிசம்பர் மாதம் போலீசார் கைது செய்தார்கள். வழக்கு நடந்தது. ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. உயர்நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

நினைத்துப் பாருங்கள். வெளியே கொட்டகைகளில் அவர் முகத்தைப் பார்த்து மக்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவர் கைதி உடையில் இருந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு.

மதுரம் அம்மையார் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. நாடகக் குழுவைச் சிதறாமல் காக்கப் பாடுபட்டார். எஸ்.வி.சகஸ்ரநாமம் போன்ற நண்பர்கள் துணை நின்றார்கள். வழக்கை லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை கொண்டுபோனார்கள். அன்று நம் நாட்டு வழக்குகளுக்குக் கடைசி நீதிமன்றம் அதுதான். வழக்கை மறுபடியும் விசாரிக்க வேண்டும் என்று அங்கே உத்தரவாயிற்று. மீண்டும் விசாரித்த சென்னை உயர்நீதிமன்றம் 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தது. செய்யாத குற்றத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் சிறையில் இருந்தார்கள்.

மனத்தைக் காத்துக்கொண்டவர்

குழந்தைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்போம்.

செய்யாத தப்புக்கு ஆசிரியர் திட்டிவிட்டால் உங்களுக்கு எவ்வளவு கோபம் வரும்? இரண்டு நாள் யாரோடும் பேச மாட்டீர்கள். என்.எஸ்.கே. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பறிகொடுத்தவர். பணம் போயிற்று. பட வாய்ப்பு போயிற்று. உலகத்தின் மேலேயே அவர் வெறுப்புக் கொண்டிருந்தாலும் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அவர் அப்படிச் செய்யவில்லை. சிறையிலிருந்து வந்த அதே ஆண்டில் 'பைத்தியக்காரன்' என்ற படம் வெளிவந்தது. வயதான ஆண்கள் சின்னப் பெண்களைத் திருமணம் செய்துகொள்ளும் கொடுமையைக் கண்டிக்கும் கதை அது. அதில் தம் சிறை வாழ்க்கையையே ஒரு வேடிக்கைப் பாட்டாக்கி மக்களைச் சிரிக்க வைத்தார்! தம்மை அழ வைத்த துன்பத்தை எடுத்துப் பிறருக்குச் சிரிப்பாக மாற்றிக் கொடுத்துவிட்டார்.

உடம்பில் புண் வந்தால் கழுவி மருந்து போடுகிறோம். மனத்தில் புண் வந்தாலும் அப்படித்தான். நம்மை நாமே பேணிக்கொள்ள வேண்டும். அதைச் சொறிந்து சொறிந்து பெரிதாக்கக் கூடாது. சிரிப்பு ஒரு மருந்து. நம்மை நேசிப்பவர்களோடு பேசுவது ஒரு மருந்து. நமக்குப் பிடித்த வேலையில் மறுபடியும் இறங்குவது மிகப் பெரிய மருந்து. இந்த மூன்றையும் என்.எஸ்.கே. பயன்படுத்திக்கொண்டார்.

அந்த 1947லேயே தமிழ் நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார் கையால் அவருக்குக் 'கலைவாணர்' பட்டம் கிடைத்தது. சிறைக்குள் போனபோது அவர் என்.எஸ்.கிருஷ்ணன். வெளியே வந்த பிறகு கலைவாணர்!

படம் எடுத்தார், பாடம் சொன்னார்

1949ல் 'நல்லதம்பி' படம் வந்தது. கதை வசனம் அறிஞர் அண்ணா. பெரிய சொத்து கைக்கு வரும் ஒரு நல்ல மனிதன், அதை ஊர் நன்மைக்குப் பயன்படுத்துவதுதான் கதை. சொத்து வந்தால் முதலில் என்ன வாங்கலாம் என்று நாம் யோசிப்போம். நல்லதம்பியோ, யாருக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்தான். என்.எஸ்.கே.யின் சொந்தக் குணத்துக்கே சட்டை தைத்தது போல அந்த வேடம் பொருந்தியது.

அந்தப் படத்தில் மதுவிலக்கு முக்கியமான செய்தி. இதற்கும் எங்கள் ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1937 அக்டோபர் 1ஆம் தேதி, ராஜாஜி முதல்வராக இருந்தபோது, சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். அப்போது தருமபுரிப் பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965ல்தான் தருமபுரி தனி மாவட்டம் ஆனது. ஆகவே கள்ளுக்கடை மூடிய முதல் ஊர்களில் எங்கள் கம்பைநல்லூரும் ஒன்று! 1948ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. சட்டம் போட்டால் மட்டும் போதுமா? மக்கள் மனத்திலும் அது பதிய வேண்டாமா? அந்த வேலையைத்தான் மறு ஆண்டே 'நல்லதம்பி' செய்தது. பின்னாளில் அந்தச் சட்டம் மாறிவிட்டது. படம் சொன்ன செய்தி மாறவில்லை.

அதே படத்தில் 'கிந்தனார்' என்ற கதாகாலட்சேபம் வரும். எழுதியவர் உடுமலை நாராயணகவி. நந்தனார் கதை உங்களுக்குத் தெரியும். சிதம்பரம் போக வேண்டும் என்று ஏங்கியவர் அவர். கிந்தனோ, பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று ஏங்குகிறான். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவன் என்று அவனை விரட்டுகிறார்கள். அவன் ரயிலேறிப் பட்டணம் போகிறான். ரயிலில் எல்லா ஜாதிக்காரர்களும் ஒரே பெட்டியில் உட்கார்ந்து போவதைப் பார்த்து வியக்கிறான். படித்து முன்னேறிப் பள்ளி இன்ஸ்பெக்டராகத் திரும்பி வருகிறான். நாற்பது ஆண்டு பாடம் நடத்திய ஆசிரியர்கூட இதைவிடத் தெளிவாகக் கல்வியின் பெருமையைச் சொல்ல முடியாது.

இன்னொரு பாட்டில் அறிவியலை வளர்க்கப் போவதாக என்.எஸ்.கே. சொல்வார். அப்படியானால் பொத்தானைத் தட்டியதும் இட்லியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று மதுரம் கேட்பார். அன்று அது வேடிக்கை. இன்று உங்கள் வீட்டில் பொத்தானைத் தட்டினால் மாவு அரைபடுகிறது, துணி துவைபடுகிறது அல்லவா?

1951ல் 'மணமகள்' என்ற படத்தை அவரே இயக்கினார். நடிகை பத்மினி தமிழில் கதாநாயகியாகப் புகழ்பெற அதுதான் வழிவகுத்தது. அதே 1951ல் இந்தியத் திரைக்கலைஞர் குழுவோடு சோவியத் ரஷ்யாவுக்கும் போய் வந்தார். தொடக்கப் பள்ளியோடு நின்றவர், உலகத்தைப் படித்துக்கொண்டே இருந்தார்.

கொடுத்த கை

என்.எஸ்.கே. வீட்டுக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பியதில்லை என்று அந்தக் காலத்தவர் சொல்வார்கள். கல்யாணச் செலவு, படிப்புச் செலவு, மருத்துவச் செலவு என்று யார் வந்தாலும் கொடுப்பார். நாகர்கோவிலில் காந்தியடிகளுக்கு நினைவுத் தூண் ஒன்றைத் தம் செலவிலேயே எழுப்பினார்.

அவரைப் பற்றி ஊரெங்கும் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. இவ்வளவு தர்மம் செய்ததாக அவர் காட்டிய கணக்கை வருமானவரி அதிகாரி ஒருவர் நம்பவில்லையாம். ஏழையைப் போல வேடம் போட்டு, மகள் கல்யாணத்துக்கு உதவி கேட்டு அவரிடமே போனாராம். கேட்டதுதான் தாமதம், கலைவாணர் பணம் கொடுக்க முன்வந்தாராம். அதிகாரி கண்கலங்கி, அவருக்குக் கர்ணன் என்றுதான் பெயர் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி விடைபெற்றாராம். ஒருவரைப் பற்றி இப்படிக் கதை உலவ வேண்டுமானால், அவர் எவ்வளவு கொடுத்திருக்க வேண்டும்! கருமியைப் பற்றி யாராவது இப்படிக் கதை கட்டுவார்களா?

பிறர் மனம் நோகாமல் பேசுவதும் ஒரு கொடைதான். 1957 தேர்தலில் அண்ணா காஞ்சிபுரத்தில் நின்றார். அவரை எதிர்த்து நின்றவர் ஒரு டாக்டர். அண்ணாவுக்காகப் பேசவந்த கலைவாணர், அந்த டாக்டரின் நல்ல குணத்தையும் கைராசியையும் புகழ்ந்துகொண்டே போனார். கூட்டம் திகைத்தது. கடைசியில், இவ்வளவு நல்ல டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு யார் வைத்தியம் பார்ப்பது, அவரை இங்கேயே வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தார். எதிரியைத் திட்டாமல் ஓட்டுக் கேட்ட அந்த நயம் இன்றும் பேசப்படுகிறது.

அதே 1957ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் தேதி, உடல்நலம் குன்றி, சென்னையில் கலைவாணர் மறைந்தார். வயது நாற்பத்தெட்டுதான். தமக்கென்று பெரிதாக எதையும் அவர் சேர்த்து வைக்கவில்லை. அவர் இன்னும் இருபது ஆண்டு இருந்திருக்கக் கூடாதா என்று நினைக்கும்போது மனம் வலிக்கிறது. அதனால்தான் சொல்கிறேன் குழந்தைகளே, கொடுக்க வேண்டும், அதோடு கொடுக்கும் கையையும் பேணிக் காக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நன்றாகத் தூங்குங்கள். உடம்பு சரியில்லை என்றால் மறைக்காமல் அம்மாவிடம் சொல்லுங்கள். கிணற்றில் நீர் ஊறினால்தானே ஊருக்கு இறைக்க முடியும்?

பெயர் நிலைத்தது

1969 ஜனவரி 14, பொங்கல் திருநாள். நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்த நாள் அது. அன்று சென்னை தியாகராய நகரில் கலைவாணரின் சிலையைத் திறந்து வைத்தவர், அப்போதைய முதலமைச்சர் அண்ணா. அவர் கடுமையான நோயோடு இருந்த நேரம். ஆனாலும் நண்பருக்காக வந்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுதான். மூன்று வாரத்தில் அண்ணாவும் மறைந்தார்.

சென்னை வாலாஜா சாலையில் பாலர் அரங்கம் என்ற கலையரங்கம் இருந்தது. பாலர் என்றால் குழந்தைகள். 1974ல் அதற்குக் கலைவாணர் அரங்கம் என்று பெயர் சூட்டினார்கள். பழைய கட்டிடத்தை இடித்துவிட்டு, 2016ல் அதே பெயரில் பெரிய அரங்கம் எழுப்பியிருக்கிறார்கள். கொட்டகைக்கு வெளியே சோடா விற்ற சிறுவனின் பெயரை, இன்று ஒரு பெரிய அரங்கமே சுமந்து நிற்கிறது. சென்னைக்குப் போனால், அந்த வழியாகப் போகும்போது அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள்.